நீக்குவதற்கான காரணம்

சங்கத்தின் இணையதளம் அவளை உள்ளே விட்டதும் முதல் வேலையாக அவளுடைய கணவரை வரவேற்றது. "வருக டாக்டர்!" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் அவருடைய பழைய புகைப்படம், அதுவும் மீசையோடு. வெளியே வந்து மறுபடி நுழைந்தாள். மறுபடியும் மீசை.

அவளும் பல் மருத்துவர்தான். இருவரும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே நாளில் பல் மருத்துவர் சங்கத்தில் சேர்ந்தவர்கள். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று வந்தபோது, அந்த ஒருவர் யார் என்று யாரும் சீட்டுக் குலுக்கிப் பார்க்கவில்லை. இப்போது சின்னவனே தனியாகப் பள்ளிக்குப் போய் வருகிறான். திங்கட்கிழமை முதல் கடைத்தெரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை. அவர்கள் கேட்டது சங்க உறுப்பினர் எண் ஒன்றைத்தான். இன்று மாலைக்குள் அது வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அங்கிருந்த பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார். சிரிக்காமல் சொன்னார்.

'உறுப்பினராவது இனி மிக எளிது' என்று தளம் தன் நெற்றியிலேயே எழுதி வைத்திருந்தது. 'புதிய உறுப்பினர்' என்பதைத் தொட்டாள். 'நீங்கள் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறீர்கள்' என்றது. சரிதான் என்று 'புதுப்பித்தல்' என்பதைத் தொட்டாள். 'புதுப்பிக்க உங்களிடம் ஒன்றும் இல்லை' என்றது. இருக்கிறாளா, இல்லையா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு கட்டத்தில் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

உதவி எண்ணுக்கு அடித்தாள். எடுத்த பெண்ணின் குரலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"மேடம், நீங்க சாரோட கணக்குக்குக் கீழ துணை உறுப்பினரா இருக்கீங்க. வருஷாந்திர விருந்துக்கு வரலாம். ஆனா தொழில் செய்யற உறுப்பினர் கிடையாது."

"நான் முழு உறுப்பினரா சேர்ந்தவம்மா. என்னை யாரு மாத்தினது?"

"சார்தான் மேடம். புதுத் தளம் வந்தப்ப, 'குடும்பமா ஒண்ணாச் சேர்த்துடலாமா'ன்னு கேட்டிருக்கும். ஆமான்னு அமுத்தியிருக்காரு."

சார் சமையலறையில் ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வீட்டு ரிப்பேர் எதுவானாலும் பழைய பல் கருவிகளைத்தான் எடுப்பார். குழாயின் வாய்க்குள் எதையோ விட்டுக் காரை சுரண்டிக்கொண்டிருந்தவரிடம், போனை ஸ்பீக்கரில் போட்டபடி போய் நின்றாள்.

"ஏங்க, என்னைத் துணையா மாத்தினீங்களா?"

"யாருக்குத் துணையா?" என்று திருதிருவென விழித்தார். அவள் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு நினைவு வந்தது. "அப்போ நீ திரும்ப வேலைக்குப் போவேன்னு நினைக்கல. ரெண்டு பேருக்கும் தனித்தனியா எதுக்குன்னு..."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்னுதான் நினைச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமும் தான் லீவில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். இந்த மனிதர் சத்தமில்லாமல் அவளுடைய ராஜினாமாவையே கொடுத்துவிட்டிருக்கிறார். வருவது அழுகையா கோபமா என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"இப்பவே நீக்கிடறேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு அவர் போனை வாங்கினார். தளம் காரணம் கேட்டது. மொத்தம் இரண்டு காரணங்கள்தான் இருந்தன: மரணம், மணமுறிவு.

"வேற காரணமே இல்லையாம்மா?" என்று உதவிப் பெண்ணிடம் கேட்டார்.

"எல்லாத்தையும் எளிமையாக்கிட்டோம் சார். முன்னாடி பக்கம் பக்கமா இருந்துச்சு."

"சரி, மணமுறிவுன்னு போட்டுடவா?"

"கோர்ட் உத்தரவோட நகல் கேட்கும் சார்."

"அப்போ..." என்று மனைவியை ஒருமுறை பார்த்தார். "இன்னொண்ணு?"

"மேடம் தவறிட்டாங்கன்னு போட்டா, அவங்க பழைய எண்ணை நிரந்தரமா மூடிடும்."

"நல்லா இருக்கே!" என்றாள் அவள். "உங்ககிட்டேருந்து பேரைப் பிரிக்கணும்னா ஒண்ணு நான் கோர்ட்டுக்குப் போகணும், இல்ல போய்ச் சேரணும்."

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாமாம். பதில் வர மூன்று வாரம் ஆகுமாம். பிறகு உதவிப் பெண் குரலைத் தாழ்த்தினாள். சர்க்கரை போய், பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வந்தது.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. முதன்மை உறுப்பினர் காலமாயிட்டாருன்னு போட்டா, துணையா இருக்கறவங்களோட பழைய எண் தானா திரும்ப வந்துடும். சான்றிதழ் அப்புறம்தான் கேப்பாங்க. துக்கத்துல இருக்கறவங்களைச் சங்கம் அவசரப்படுத்தாது."

"அப்புறம் இவரு?"

"தவறுதலா இறந்துட்டதா பதிவானவங்க புதுசா சேர்ந்துக்கலாம் மேடம். முழு உறுப்பினர் ஒருத்தர் சிபாரிசு பண்ணினா போதும்."

போனை வைத்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குக் கோபம் அப்படியே இருந்தது. அதற்காக மனிதரை உயிரோடு சாகடிக்க மனம் வரவில்லை.

"உங்க சீனியாரிட்டி எல்லாம் போயிடுமே. அடுத்த வருஷம் சங்கத்துல மேடைக்குக் கூப்பிட இருந்தாங்களே."

"மேடைதானே" என்றார். அவளுடைய விரலுக்குக் காத்திருக்காமல் தானே தன்னைக் காலமாக்கிக்கொண்டார்.

தளம் ஒரு வெள்ளைப் பூவைக் காட்டி ஆழ்ந்த இரங்கல் சொன்னது. அந்தப் பூ மறைவதற்குள்ளேயே "வருக டாக்டர்!" என்றது. இந்த முறை அவளுடைய படம். கல்லூரிக் காலத்துப் பெண், எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கீழே அவளுடைய எண். பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவமனைக்கு எண்ணை அனுப்பினாள். திங்கட்கிழமை காலை வந்துவிடும்படி பெரிய டாக்டரம்மா பதில் போட்டார்.

கணவர் தன் போனில் புது விண்ணப்பம் போட்டார். சிபாரிசு செய்பவர் என்ற இடத்தில் மனைவியின் எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அடுத்த நிமிடம் அவள் போன் அதிர்ந்தது. 'இந்த விண்ணப்பதாரரைச் சிபாரிசு செய்கிறீர்களா? ஆம், இல்லை.'

"அமுத்திடு" என்றார் அவர், குழாய்ப் பக்கம் திரும்பியபடி.

அவள் அமுக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்குத் திரும்பச் சேர விருப்பமா?"

"இதென்ன கேள்வி? இப்பத்தானே விண்ணப்பமே போட்டேன்."

"இல்ல, கேட்டேன்னு நானா நினைச்சுக்கக் கூடாது பாருங்க."

அவர் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்தார். அவள் பக்கம் திரும்பினார்.

"விருப்பம்தான்" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகுதான் அவள் 'ஆம்' என்பதைத் தொட்டாள்.