ஊதாப் பூப்போட்ட தெர்மல்

லெசோத்தோவில் எங்கள் மலைக்குப் பனிச்சறுக்கு பழக வருகிறவர்களுக்கு நான் உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிறேன். ஆறு குளிர்காலமாக அதே மேசை, அதே பாட்டு. "தோலை ஒட்டி மெல்லிசா கம்பளி தெர்மல், அதுக்கு மேல புசுபுசுன்னு ஒரு ஸ்வெட்டர், எல்லாத்துக்கும் மேல காத்தும் தண்ணியும் புகாத ஜெர்கின். காலுறை ஒண்ணு போதும். ஜீன்ஸைக் கழட்டி வைங்க." தலைநகர் மசேருவிலிருந்து காரில் வந்து இறங்கும் பெரிய அதிகாரிகள்கூட நான் சொன்னால் முனகிக்கொண்டே கழற்றிவிடுவார்கள். கொஞ்சமும் கேட்காத ஆள் என் புருஷன் செலிசோ. உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பதினான்கு வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவில், தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு வருவார், மகள் புலானே அவரை அடையாளம் கண்டு மடியில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். இந்த வருஷம் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் வேறொரு சுரங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வரவேண்டுமாம். அன்றிலிருந்து அவருடைய பழைய பை எங்கள் வீட்டு வாசற்படியருகே காவல் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் புதியவர்களுக்கு ஸ்னோபோர்டு சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. கோடையில் அதே ஆளுக்கு மலைப்பாதையில் வேலை உண்டு. பனிச்சறுக்குப் பள்ளியை நடத்தும் தோலாங்கிடம் நான்தான் கேட்டேன். சின்ன வயதிலிருந்து சேணமில்லாமல் குதிரை ஏறியவருக்கு இந்தப் பனிப் பலகை ஒரு பொருட்டா? மூன்றே வாரத்தில் வளைந்து வளைந்து இறங்கினார். இனி ஒரே ஒரு சோதனை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டுவரை பத்துப் புது ஆட்களைப் பழக்க வேண்டும், நடுவில் குளிர்காய என் கடை அடுப்புக்கு ஓடி வரக்கூடாது. தேறினால் இங்கே, தவறினால் சுரங்கம். எனக்கு அவர் வீட்டில் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் மேசை முன்னால் வந்து நின்றார் பாருங்கள்! மூன்று பருத்திப் பனியன், ஒன்றின்மேல் ஒன்று. ஜீன்ஸ். அதற்கு மேல் குலப் பெருமையெல்லாம் சேர்த்துப் போர்த்தி, தோளில் பெரிய ஊக்குக் குத்திய போர்வை.

"புலானே அப்பா, பலகை ஓட்டப் போறீங்களா, தலைவர் வீட்டுப் பஞ்சாயத்துக்குப் போறீங்களா?"

"போர்வை இல்லாம வெளிய போனா ஆம்பளைக்கு என்ன மரியாதை?"

"குதிரை மேல போர்வை சரி. அங்க நடக்கிறது குதிரை, நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க. இங்க பத்து பேரைக் கையைப் புடிச்சு இழுக்கணும். வேர்க்கும். பருத்தி அத்தனையும் குடிச்சிட்டு உங்க முதுகுலயே படுத்துக்கும்."

"எனக்கு வேர்க்காது."

"ஆமா, கல்லுல செஞ்ச உடம்பு!"

ஒரு தெர்மலை எடுத்து நீட்டினேன். கால்பகுதியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, செத்த எலியை வைப்பதுபோல மேசையில் வைத்தார். "இதென்ன, பொண்ணுங்க ஆடறதுக்குப் போடுற மாதிரி காலைக் கவ்வுது. லெசோத்தோல பொறந்தவனுக்கே குளிரைப் பத்தி வகுப்பு எடுக்கிறியா? குளிருச்சுன்னா மேல இன்னொண்ணு போர்த்துவோம். எங்கப்பன் அப்படித்தான், நானும் அப்படித்தான்."

பலகையில் சிக்கும் என்று போர்வையைத் தோலாங் முதலிலேயே கழற்ற வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக ஒரு ஜெர்கினை மாட்டிக்கொண்டு போனார். முதல் அரைமணி நேரம் அமர்க்களம். விழுந்தவர்களைத் தூக்கினார், ஓடினார், கத்தினார், சிரித்தார். அப்புறம் வரிசையில் நிற்க வேண்டி வந்தது. காற்று எழுந்தது. மூன்று பனியனும் நனைந்து முதுகோடு ஒட்ட, அவர் வாயிலிருந்து "ம-ம-முட்டியை ம-ம-மடக்குங்க" என்று வந்ததாம். மடக்கு என்கிறாரா, அடக்கு என்கிறாரா என்று தெரியாமல் ஒரு அம்மாள் வேலியில் போய் இடித்தாள். ஒன்பதேகாலுக்கு என் கண்முன்னாலேயே அடுப்போரம் வந்து குந்திவிட்டார். உதடு நாவல்பழ நிறம். கேலி செய்ய வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது.

தோலாங் நல்ல பெண். "நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் அண்ணே. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்து மூடினார். சுரங்கத்துக்குப் போகும்போது போர்வையைத்தான் கடைசியாக வைப்பார்.

"சுரங்கத்துல வேர்க்குமா?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? கீழ அடுப்பு மாதிரி இருக்கும்."

"தூக்குக் கூண்டுல ஏறி மேல வந்ததும்?"

"ஜூலைக் குளிர்ல செத்தோம். நனைஞ்ச பனியனோட நின்னா எலும்பு வரைக்கும் ஏறும். பழைய ஆளுங்க அதைக் கழட்டிப் பிழிஞ்சிட்டு, காஞ்ச பனியன் ஒண்ணை மாட்டிட்டுத்தான்…" பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"பூமிக்கு அடியில தெரிஞ்ச புத்தி, மலைக்கு மேல வந்ததும் எங்க போச்சு? அங்க மாத்திக்க காஞ்ச பனியன் இருந்துச்சு. இங்க பனி நடுவுல எவன் குடுப்பான்? தெர்மல் நனைஞ்சாலும் சூடு விடாது. அதுவும் ஆட்டுக் கம்பளிதான். உங்க அண்ணன் வெட்டி விக்கிற மயிரு. ஆடு நடுங்கி நீங்க பாத்திருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி, குடு" என்றார்.

கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லாம் முன்பதிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது என்னுடையது ஒன்றுதான். ஊதா நிறம், உடம்பு முழுக்க மஞ்சள் பூ. நான் அகலம், அவர் உயரம். கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது, மீதியை நீளக் காலுறை பார்த்துக்கொண்டது. விடியற்காலையில் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்து நானும் புலானேயும் தரையில் உருண்டோம்.

"வெளிய ஒரு வார்த்தை போச்சு, நேரா சுரங்கத்துக்குப் பஸ் ஏறிடுவேன்" என்று மிரட்டினார். ஸ்வெட்டரையும் தண்ணீர் புகாத கால்சட்டையையும் மாட்டி, ஜெர்கினைத் தாடைவரை இழுத்து மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை நான் வேலை பார்த்தேன் என்று சொன்னால் பொய். கூட்டம் மேசையை மொய்க்க, என் கண் ஜன்னலில்தான் இருந்தது. ஒன்பதேகால் தாண்டியது. பத்து. பத்தரைக்குக் காற்று எழுந்தது. அவர் கும்பலைத் தன்னைச் சுற்றி நிறுத்தி ஏதோ சொல்வது தெரிந்தது, அப்புறம் ஆட்கள் மறைத்துவிட்டார்கள். திடீரென்று மலையே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தடித்த ஆள் வந்தார். நனைந்த ஜீன்ஸ், தந்தியடிக்கும் பல். காலையில் நான் சொன்னதைக் கேட்காமல் போன மகராசன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் உள்ள போட்டிருக்காரே, பூப்போட்டது, அதே மாதிரி எனக்கு ஒண்ணு குடுங்க."

"அவர் என்ன போட்டிருக்கார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் திரும்பிப் போறேன்னு சொன்னேன். ஜெர்கினைத் திறந்து காட்டிட்டார், எல்லார் முன்னாடியும். 'நேத்து நானும் உன்னை மாதிரிதான் பெரிய ஆம்பளையா இருந்தேன், ஒரு மணி நேரம்கூட நிக்கல. இது என் பொண்டாட்டியோடது, இன்னிக்கு நிக்கிறேன்'னார்."

முன்பதிவு செய்து வராத ஒருவருடைய தெர்மலை எடுத்து அந்த ஆளுக்குக் கொடுத்தேன். அளவைக்கூடப் பார்க்கவில்லை, கண் மறைத்தது.

பன்னிரண்டு மணிக்குத் தோலாங் உள்ளே வந்து, சிரித்துச் சிரித்து நீர் கோத்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லுங்க அக்கா. அந்தப் பூவோடயே வரச் சொல்லுங்க" என்றாள்.

கடை மூடி வீட்டுக்கு வந்தோம். உட்காரக்கூட இல்லை, அவர் நேரே வாசற்படிக்குப் போனார்.

"அந்தப் பையை எடு."

"எதுக்கு? வேலைதான் கிடைச்சிருச்சே!"

அவரே திறந்தார். போர்வையை உருவி உதறி, என் தோளில் போட்டு ஊக்கைக் குத்தினார். "உன்னோடதை எனக்குக் குடுத்துட்டு, நாள் முழுக்க வெறும் பருத்தியோட அந்த ஜன்னல்கிட்ட நின்னியே. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, காலையிலிருந்து நான் நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று.