நாலுக்குப் போகவேண்டிய கை

பெரியவர் கைபட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. பட்டறை தங்கை புருஷனுடையது, பேர் மட்டும் இவருடையது. வருகிறவர்கள் "பெரியவர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை நீட்டுவார்கள். அது மாப்பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

மாப்பிள்ளை தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குக் குட்டையான கியர் லீவர் ஒன்று வாங்கி வந்தார்.

"பழசு குழம்புக் கரண்டி மாதிரி ஆடுது மச்சான். இது விரல் நுனியிலயே மாறும்."

பெரியவர் லீவரைச் சுற்றியிருந்த கன்சோல் மூடியைக் கழற்றினார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த கிளிப்பை நெம்பி எடுத்துப் பழைய லீவரை உருவினார். லீவரைத் தாங்கும் தேய்ந்த புஷ்களையும் விடவில்லை, புதிதாகப் போட்டு கிரீஸ் தடவினார். கண்ணில் விழுந்த துருவோடு எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். பூட்டில் சாவி திரும்புவதுபோல் விழுந்தது.

"மாப்பிள்ளை, கியரெல்லாம் இப்ப நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு. மூணுலேர்ந்து நாலுக்கு நேரா இழுங்க. கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சாலும் ரெண்டுல விழுந்துடும். கை பழகுறவரைக்கும் விரட்டாதீங்க."

"எனக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கறீங்களா?" என்று சிரித்துவிட்டு, மாப்பிள்ளை சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு போனார்.

பறந்து போன வண்டி கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டது.

"லீவரைக் கோணலா மாட்டிட்டாருப்பா" என்று மாப்பிள்ளை சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் லீவரைத் தொட்டுப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. இன்ஜினைப் பிரித்தார். வால்வுகள் எல்லாம் வளைந்து கிடந்தன. உச்ச வேகத்தில் ரெண்டில் போட்டால் ஆகிற சேதம் அது. வளைந்த வால்வு ஒன்றைத் துடைத்து மேசைமேல் வைத்தார். நாளைக்கு நாலு பேர் முன்னால் அதைக் காட்டிப் பேசிவிடுவது என்று இருந்தார்.

காலையில் தங்கை வந்தாள். வால்வை அவளிடம்தான் முதலில் காட்டினார்.

"எனக்கு இதெல்லாம் புரியாதுண்ணா. வீடுதான் புரியும். நேத்து சாப்பாட்டுத் தட்டு செவுத்துல போய் விழுந்துச்சு. நீ சரின்னு நின்னா அவர் தப்பாயிடுவார். அப்புறம் நான் அந்த வீட்டுல இருக்கணும்."

"என் கைன்னு ஒண்ணுதானேம்மா எனக்கு இருக்கு."

அவள் முழங்கைக்கு மேல் ஏறியிருந்த புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் கன்றிப்போயிருந்த தடத்தை அவர் பார்த்துவிட்டார்.

சிநேகிதர்கள் வந்தபோது பெரியவர் வால்வைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான்தான் சரியா மாட்டல. வயசாச்சுல்ல."

மாப்பிள்ளை அவர் தோளில் கைபோட்டார். "விடுங்க மச்சான். ஆனைக்கும் அடி சறுக்கும்."

அன்றைக்கே ஒரு வாடிக்கைக்காரர் வந்து, "பெரியவர் இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கார். இனிமே டயர் மட்டும்தான் பார்ப்பார்" என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் மூலையில் குந்தி, பஞ்சரான டயர் ஒன்றைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டார். குனியும்போதெல்லாம் வால்வு நெஞ்சில் குத்தியது.