'கொழுகொழு'வை அடித்த கதை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல; ஊட்டச்சத்து அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. வசதியற்ற குடும்பங்களுக்கு அரசு தன் செலவில் பாலும் வைட்டமின் மருந்தும் கொடுக்கும் திட்டத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதற்கு ஓர் உண்மைக் கதை வேண்டும். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் என்று அடிக்கோடிட்டிருந்தார்கள்.

தொடக்கம்: 'பாலைப் போன்ற உள்ளம் கொண்ட அரசு…' (அடித்துவிட்டேன். பால் திரிந்துவிடும்.)

2

சலவைக் கடையில் இஸ்திரி போடும் ஒரு தாயைப் பிடித்தேன். மகளுக்கு மூன்று வயது. செல்லப் பெயர் சுண்டெலி. 'குச்சியாக இருந்தவள் இன்று கொழுகொழு' என்று எழுதினேன். உண்மையில் அவளைவிட என் அகராதி கனம். ஆனால் மோனை தானாக வந்து விழுந்தால் விடுவேனா?

வரைவைப் படித்த அதிகாரி தாயைக் கூப்பிட்டனுப்பினார். எடை தேறிய குழந்தைக்குப் பால் கிடையாது, பால் அட்டையை ரத்து செய்ய வேண்டிவரும் என்றார். எடை போட்டுப் பாருங்கள் என்றாளாம் இவள். எடைக்கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது, வரும்வரை எழுத்துச் சான்றுதான் செல்லும் என்றாராம் அவர்.*

* என் எழுத்தை ஒருவர் முழுதாக நம்பியது இதுவே முதல் தடவை.

3

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எம் பொண்ண ஏன் சார் குண்டாக்குனீங்க?"

"கதைக்காகம்மா."

"கதைல குண்டாயிட்டா வீட்ல பசிக்காதா சார்?"

'கொழுகொழு'வை அடித்து 'எலும்பும் தோலும்' என்று போட்டேன். அதற்குள் சுண்டெலி என் ரப்பரைக் கடித்துப் பார்த்துவிட்டாள். புது வரைவைப் படித்ததும் அதிகாரி தொலைபேசியில் வந்தார்.

"எங்க பாலக் குடிச்சும் எலும்பும் தோலுமா? அப்ப திட்டமே வேஸ்ட்டுன்னு மேல நெனைப்பாங்க. நிறுத்திடுவாங்க சார், எல்லாருக்கும்."

ஒரு சொல்லில் இவள் பால் போகும்; இன்னொரு சொல்லில் ஊர்ப்பிள்ளைகள் பால் மொத்தமும் போகும். [எழுத்தின் ஆற்றல் பற்றி இங்கே இரண்டு பத்தி வைத்திருந்தேன். கூச்சமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.]

4

மாற்று முடிவுகள்: (அ) குழந்தை காலையில் மெலிவு, மாலையில் பருமன். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறதாம். (ஆ) உடம்பு அப்படியே, அறிவு மட்டும் வளர்ந்தது. அறிவு வேறு துறையாம். (இ) அவளுக்குப் பதிலாக…

சலித்துப்போய், அட்டை விஷயத்தில் எப்போதுதான் முடிவெடுப்பீர்கள் என்று அதிகாரியைக் கேட்டேன்.

"நீங்க கதைய முடிச்சுக் குடுத்தாத்தான். அதுவரைக்கும் ஃபைல் நிலுவைல இருக்கும், அவங்க வீட்டுக்குப் பால் அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும்."

தாயிடம் சொன்னேன். இடுப்பில் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"மெதுவா எழுதுங்க சார். அவசரமே இல்ல."

5

இது முப்பத்தெட்டாவது வரைவு. மலர் வெளியீட்டு விழா மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. வாசகரே, முடிவு எங்கே என்று கேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். கடைசி வரி எனக்குத் தெரியும், நல்ல வரிதான். அதை எழுதாமல் இருப்பதுதான் இத்தனை வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை. வேண்டுமானால் தொடங்கிக் காட்டுகிறேன், நீங்களும் முடிக்காதீர்கள்:

இன்று சுண்டெலி, மேலுதட்டில் பால் நுரையோடு,