ஆறாம் வகுப்பு டை

பட்டம் வாங்கிய பிறகும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட அலுப்பான காரியம் ஏதாவது உண்டா என்று ஷர்மிளாவைக் கேட்டால், இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்வாள். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தாயிற்று. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு படமும் எடுத்தாயிற்று. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடு திரிகிறார்கள். இவள் மட்டும் வருஷா வருஷம் மே மாதத்து வெயிலில், காதில் கம்மல் இல்லாமல், தலையில் கிளிப் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீட் எழுதிக்கொண்டிருந்தாள். போன வருஷம் தேர்வு மையத்து வாசலில் ஒரு அம்மாள் சிநேகமாகச் சிரித்து, "நீங்க யாரை மேடம் கூட்டிட்டு வந்தீங்க? தங்கச்சியா?" என்று கேட்டே விட்டாள். ஷர்மிளா ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பிழைப்புக்கு அவள் பார்த்தது நாவலூரில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு முழங்கால் வலிக்கும். அங்கே டாக்டர் எழுதி வைத்ததைப் படித்து, அந்த வலிக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்து இவள் பதிய வேண்டும். நோய்களின் எண்கள் அத்தனையும் விரல் நுனியில் இருந்தன, ஒரு மனுஷனின் நாடியை மட்டும் பிடித்துப் பார்த்ததில்லை. மீன் கடித்தால் அதற்கும் ஓர் எண் இருக்கிறது என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். இரும்புலியூர்த் தெருமுனையில் மீன் விற்கும் அஞ்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கெளுத்தி முள்ளு குத்துனா அதுக்கு இன்னா நம்பரு? நம்ம வூட்டு நம்பரைப் போட்டுடு!"

அஞ்சம்மாளுக்கு நாள்காட்டி எல்லாம் கடல்தான். கோவளத்துப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். புருஷன் போன பிறகு இரும்புலியூரில் ஒற்றை அறை பிடித்துக்கொண்டு, விடியும் முன்னே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து விற்றாள். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் அவள் முகமும் கூடை போலவே காலியாகிவிடும். மகளின் பரீட்சை தடைக்காலத்தில் வரும், ரிசல்ட் படகு இறங்கும்போது வரும் என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் படகு சரியாக இறங்கியது, ரிசல்ட்தான் கரை சேரவில்லை.

இந்த வருஷம் சேர்ந்தது.

பிரமாதமான மார்க் என்று சொல்வதற்கில்லை. பொதுப் பிரிவில் எல்லோரோடும் போட்டி போட்டால் எட்டவே எட்டாது. ஆனால் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கென்று தனியாக ஏழரை சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அதில் தாராளமாக இடம் கிடைக்கும். ஷர்மிளா பிளஸ் டூ முடித்தது தாம்பரம் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியில். முந்தைய வருஷத்துக் கட் ஆஃபோடு ஒப்பிட்டுப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் கயிற்றால் கட்டிப் பரணில் தள்ளினாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது தூக்கம்தான். அன்று பகல் முழுக்க அடித்துப் போட்டது போலத் தூங்கினாள்.

அஞ்சம்மாளுக்கோ வாயெல்லாம் பல். அன்றைக்கு மீன் வாங்கிய அத்தனை பேருக்கும் கேட்காமலே ஒரு கை நெத்திலி கொசுறாக விழுந்தது. இரும்புலியூரிலேயே பிறந்து வளர்ந்த ரேணுகாம்பாள் வந்தாள். ஒரு காலத்தில் வயல் வைத்திருந்த குடும்பம், இப்போது அந்த வயலில் வரிசையாக வாடகை வீடுகள்.

"இன்னாம்மே அஞ்சு, இன்னிக்கு மூஞ்சி ஒரு தினுசா கீது?"

"எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போவுது, ரேணுகாக்கா. கவர்மென்ட் சீட்டு."

"பார்த்தியா! அன்னிக்கே நான் சொல்லல? அந்தப் பெரிய ஸ்கூல்ல போடுன்னு சொன்னதே நான்தான். போட்ட அஸ்திவாரம் இன்னிக்குப் பேசுது."

"ஆமாங்க்கா, ஒத்துக்கிறேன். இந்தா, ரெண்டு வவ்வா மீனு எடுத்துக்கோ."

ரேணுகாம்பாள் சொன்ன அஸ்திவாரம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. பதினோரு வயது ஷர்மிளா, சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட டை, பளபளக்கும் ஷூ, சிரிக்கத் தெரியாத சிரிப்பு. ஐந்தாவது வரை முனிசிபல் பள்ளியில் படித்தவளை அஞ்சம்மாள் ஆறாவதுக்கு ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மீன்காரி மகளும் டை கட்டுவாள் என்று தெருவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு வருஷம் காட்டினாள். அடுத்த வருஷம் பள்ளி பணம் கேட்டபோது தடைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது, வீட்டில் ஒன்றுமே இல்லை. ஏழாவதுக்கு மகளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். படத்தை மட்டும் கழற்றவில்லை. கறுப்பு அங்கிப் படம்கூட அதற்குக் கீழேதான் மாட்டப்பட்டது.

கவுன்சலிங் விண்ணப்பத்துக்கு, அரசுப் பள்ளியில் படித்ததாகத் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். ஷர்மிளா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பழைய பள்ளிக்குப் போனாள். அவளுக்கு ஒன்பதாவதில் அறிவியல் எடுத்த ஜோதிலட்சுமி டீச்சர் இப்போது தலைமை ஆசிரியை. அவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடாம எழுதினியேம்மா. வேற யாரா இருந்தாலும் எப்பவோ விட்டிருப்பாங்க. உட்காரு, பத்து நிமிஷத்துல தந்துடறேன்."

பத்து நிமிஷம் ஆயிற்று. டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டின் மேல் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

"நீ இங்கே ஏழாவதுலதான் சேர்ந்திருக்கே. ஆறாவது எந்த ஸ்கூல்?"

ஷர்மிளா பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

"அது பிரைவேட்டாச்சேம்மா."

"ஆமா டீச்சர். ஒரே ஒரு வருஷம்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தாத்தான் ஏழரை. நடுவுல ஒரு வருஷம் வெளியே போயிருந்தாலும் கிடையாது. சரி, இலவச சீட்டா அது? ஆர்.டி.இ.ன்னு, அரசாங்கமே பணம் கட்டுற சீட்டு? அப்படின்னா வழி இருக்கு."

"இல்ல டீச்சர். எங்க அம்மா கட்டினாங்க."

அம்மா கையேந்தி இலவச சீட்டில் படிக்க வைத்திருந்தால் இன்றைக்கு ஆகியிருக்கும். உழைத்துக் கட்டியதால் ஆகாது.

"அப்போ இந்த ஒதுக்கீடே கிடையாதே டீச்சர். நான் ஆறாவது படிக்கும்போது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுதான்." டீச்சர் பதிவேட்டை மெல்ல மூடினார். "தப்பா நினைக்காதேம்மா. என்னால பொய் எழுத முடியாது."

"நான் கேட்கலையே டீச்சர்."

"கேட்கலை. கேட்டுடுவியோன்னு பயமா இருந்தது."

டீச்சர் டீ வரவழைத்தார். குடிக்காவிட்டால் அவர் மனசு கஷ்டப்படும் என்று ஷர்மிளா குடித்தாள்.

அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது, அதுவும் தன் மேலேயே. முகம் தெரியாத அமெரிக்க டாக்டரின் கிறுக்கலை வரி விடாமல் படிக்கத் தெரிந்தவளுக்கு, சொந்த ஊர் விதியைப் படிக்கத் தெரியவில்லை. பிளஸ் டூ கவர்மென்ட் ஸ்கூல்தானே, அப்புறம் என்ன என்று எல்லோரும் சொன்னார்கள், இவளும் நம்பினாள். முந்தைய வருஷங்களில் மார்க் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காததால் விதியைப் பார்க்கும் தேவையும் வரவில்லை. மேடவாக்கத்தில் பேருந்து நெரிசலில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். ஷர்மிளாவுக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது, எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கை பிரேம் ஆளைப் பார்த்ததும் ஆரம்பித்தான். "வாங்க டாக்டர்! எனக்கு ரெண்டு நாளா கழுத்து வலி. எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்குவீங்களா?"

"கழுத்து வலிக்கு நம்பர் வேணும்னா தர்றேன்" என்றாள். அவன் சிரித்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டு மீதி நாளை ஓட்டினாள். அரிசோனாவில் ஒரு கிழவருக்குச் சர்க்கரை, டெக்சாஸில் ஒரு பெண்ணுக்குக் கை முறிவு. இவளுக்கு வந்ததற்கு மட்டும் எண் இல்லை.

யோசித்ததெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா கத்த மாட்டாள். நேராகச் சுவரிடம் போய் அந்தப் படத்தைக் கழற்றுவாள். வாழ்நாளில் அவள் பெருமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதுவே மகளின் கழுத்தைப் பிடித்தது என்று தெரிந்தால், நாளைக்கு அந்தத் தெருமுனையில் அவளால் உட்கார முடியாது. மார்க் போதவில்லை என்று சொல்லிவிடலாம். மார்க் போதாமல் போவது இந்த வீட்டுக்குப் பழகிய செய்திதான், ஒரு நாள் வருத்தத்தோடு முடிந்துவிடும். அப்படியே தானும் இதற்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம். இனிமேல் எழுத வேண்டியதில்லை என்று நினைத்தபோது, அவளையும் மீறி உடம்பு லேசானது. அதற்காக வெட்கமும் பட்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அஞ்சம்மாள் குழாயடியில் குந்தி, மீன் அரியும் அரிவாள்மணையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கையெழுத்து போட்டாங்களா?"

"இல்லம்மா."

"ஏன், டீச்சர் லீவா?"

"டீச்சர் இருந்தாங்க. கட் ஆஃப் இந்த வருஷம் ஏறிடுச்சாம். நான் சரியா பாக்கல. கிடைக்காதும்மா. மார்க் பத்தல."

தேய்க்கும் சத்தம் நின்றது. அஞ்சம்மாள் குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. ஷர்மிளா தண்ணீர் மொண்டு கொடுத்தாள், அஞ்சம்மாள் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவள் பார்வை மேலே டை கட்டிய படத்தில் நின்றது.

"எல்லாம் என்னாலதான்" என்றாள்.

ஷர்மிளாவுக்குப் பகீரென்றது. டீச்சர் போன் செய்துவிட்டாரா?

"ஏம்மா அப்படிச் சொல்ற?"

"அந்த ஸ்கூல்லயே வுட்டிருக்கணும்டி உன்னை. ஒரே வருஷத்துல பட்டுனு எடுத்துட்டேன் பாரு. அங்கியே பன்னெண்டாவது முடிச்சிருந்தா நீ எப்பவோ டாக்டராகியிருப்ப. ரேணுகாக்கா அன்னிக்கே சொல்லிச்சு, வட்டிக்காவது வாங்கிக் கட்டு அஞ்சு, எடுக்காதன்னு. நாந்தான் கேக்கல. தடைக்காலம், கையில ஒண்ணும் இல்ல, பயந்துட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "இத்தினி வருசமா அந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் இதான் நெஞ்சுல குத்திகினே கீது. நீ ஒவ்வொரு வாட்டி எழுதி வுழும்போதும், நான் எடுத்ததாலதான் வுழறன்னு நெனைச்சுக்குவேன். உன்கிட்ட சொன்னதில்ல."

அந்தப் படத்தை அம்மா பெருமைக்காக மாட்டியிருக்கிறாள் என்றுதான் ஷர்மிளா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இல்லையம்மா, நீ எடுத்தது தப்பே இல்லை, எடுத்ததுதான் சரி என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் சேர்த்ததுதான் தப்பு என்று சொல்ல வேண்டும். அம்மா தலையிலிருந்து இல்லாத பாரத்தை இறக்குவதற்கு, இருக்கிற பாரத்தைத் தூக்கி அதே தலையில் வைக்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "நான்தான் சரியா படிக்கல."

"வேலைக்கும் போய்கினு எங்க படிப்ப?" அஞ்சம்மாள் கண்ணைத் துடைத்தாள். ஏதோ முடிவுக்கு வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் பயந்துட்டேன். இந்த வாட்டி பயப்பட மாட்டேன். நீ வேலையை வுட்டுடு. ஒரு வருசம் வூட்டுல குந்தி படி. சாயங்காலத்துல இன்னொரு கூடை எடுத்துகினு நான் சேலையூர் பக்கம் போறேன். எழுதுவ இல்ல?"

ஏழரை இல்லாமல் எத்தனை வருஷம் எழுதினாலும் தனக்கு அந்த இடம் கிடைக்காது என்று ஷர்மிளாவுக்குத் தெரியும். முதுகு வலித்தது, கண் எரிந்தது, படுத்துக்கொண்டால் போதும் போல இருந்தது. அஞ்சம்மாள் பதிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஷர்மிளா குனிந்து அதை நகத்தால் எடுத்துவிட்டாள்.

"எழுதுறேம்மா."

"அப்போ புக்கெல்லாம் இறக்கு. பரண்ல கெடந்தா எலி கடிச்சிடும்."

ஷர்மிளா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அஞ்சம்மாள் எழுந்து வந்து, அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.