முனவ்வறா வீடு கொடுத்த காலை

முனவ்வறா தன் தையல் மெசினை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோதுதான் பக்கத்து வளவுப் பெண்கள் வேலியோரம் கூடத் தொடங்கினார்கள். அலுமாரி முதலிலேயே போயிருந்தது. ட்ரங்குப் பெட்டி, பாய், தலையணை எல்லாம் தெருவோரப் பூவரச மரத்தின் கீழ் கிடந்தன. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறுகிறாள், புருஷன்காரனான நான் உள்ளே கதிரையில் குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் ஊர் என்ன நினைக்கும்? தலாக் என்றுதான் நினைக்கும். ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்.

"என்னகா முனவ்வறா, இந்த வயசில என்ன சண்ட?"

"சண்ட ஒண்டுமில்ல. வீட்ட இவருக்குக் குடுக்கிறன்."

கேட்டவளுக்கு இது தலாக்கைவிடப் பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் கல்முனைக்குடியில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு வந்து சேர்பவன், அவ்வளவுதான். நானும் அப்படி வந்தவன்தான். பஸ் ஓட்டி உழைத்ததில் என் இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தேன். அந்த வீடுகளில் இப்போது அவர்களின் மகள்மாரும் மருமக்களும் இருக்கிறார்கள். நான் போனால் தேத்தண்ணி கிடைக்கும், சோறும் கிடைக்கும், பாய் விரிக்க இடம் கிடைக்காது. எங்களுக்கு அல்லாஹ் பிள்ளைகளைத் தரவில்லை. ஆகவே முனவ்வறா எனக்கு முந்தி மவுத்தானால், அவளுடைய தாய் கொடுத்த இந்த வீட்டில் எனக்குப் பாதி, அவளுடைய தங்கச்சி ஸாலிஹாவுக்குப் பாதி. பாதி வீட்டில் மச்சாளோடு எப்படிக் குடியிருப்பது?

இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை. நான் முந்திப் போய்விடுவேன் என்ற ஒரு துணிச்சல். முனவ்வறாவை யோசிக்கவைத்தது மீராமுகைதீன். என்னோடு கொண்டக்டராக இருந்தவன். பெண்சாதி மவுத்தாகி, அவளுடைய சகோதரிமார் வீட்டைக் கேட்ட பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் படுக்கிறான். எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்த அடுத்த வருடம் ஒரு மழைநாளில் அவன் நனைந்த சாரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். முனவ்வறா சோறு போட்டாள். மறுநாள், சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு நல்லரெத்தினத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள்.

வாரிசுக்கு வசியத்து என்னும் மரண சாசனம் எழுத மார்க்கத்தில் இடமில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, நன்கொடையாகக் கொடுக்கலாம். நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எழுதுறன் அம்மா. ஆனா இவர் முந்திப் போய் நீங்க மிஞ்சி இருந்தா என்ன செய்யிற? வீடு இவர்ர பேரில. உங்களுக்குக் கால் பங்குதான் வரும். மிச்சம் இவர்ர தங்கச்சிமாருக்கும் அண்ணன்ட பொடியன்மாருக்கும்."

"பொம்புளைக்கு எங்கயும் ஒரு மூலை இரிக்கும் ஐயா. தங்கச்சி இரிக்காள், அவள்ர மகள் இரிக்காள். ஆம்புளைக்குத்தான் ஒண்டுமில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. நொத்தாரிசு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து, இதை ஒருதரம் செய்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், வீட்டில் ஆள் பிறந்தாலும் செத்தாலும் திரும்ப வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

உறுதிப் பத்திரம் எழுதினால் போதாது என்றார் எங்கள் மௌலவி. கொடுக்கிறவர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறி, வீட்டை வெறுமையாக்கி ஒப்படைத்தால்தான் ஹிபா நிறைவேறும். முனவ்வறாவிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். ஒரு கரண்டிகூட மிச்சமிருக்கக்கூடாது என்று விடியற்காலையிலிருந்து தேடித்தேடி எடுத்தாள். அலுமாரிக்கு மட்டும் மீராமுகைதீன் கைகொடுத்தான். நான் எழும்பினால், "நீங்க வாங்கிற ஆள், இரிங்க" என்று அதட்டினாள். அவளுடைய கோழிகள்தான் மார்க்கச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. துரத்தத் துரத்த அடுப்படிக்குள் வந்துகொண்டிருந்தன. கடைசியில் அவற்றையும் கூடையால் மூடித் தெருவில் வைத்துவிட்டு, வீட்டுத் திறப்பை என் கையில் தந்து, தெருப் படலையைத் தாண்டிப் போய் ட்ரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஸாலிஹா வந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முக்காடு சரிந்ததுகூடத் தெரியாமல் வந்து நின்றாள்.

"ராத்தா, எங்கட உம்மாட வீடு ஒரு ஆம்புளட பேரிலயா?"

ஸாலிஹா வீட்டைக் கை காட்டினாள்.

"என்ட புள்ள நஸீறா கொமர்ப்புள்ளயா இரிக்காள். நாளைக்கு மாப்புள பேசி வந்தா நான் எந்த வீட்டக் காட்டுற? இதத்தான் நம்பி இரிந்தன்."

"நான் மவுத்தாப்போனா இவர் எங்க போற, ஸாலிஹா? நீ கூட்டிட்டுப் போவியா?"

ஸாலிஹா என்னைப் பார்த்தாள், பிறகு அலுமாரிக்கு முட்டுக்கொடுத்து நின்ற மீராமுகைதீனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அழுதாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நான் வெறும் வீட்டுக்குள் நின்றேன். என் வீடு. கூரை ஓடெல்லாம் சூறாவளிக்குப் பிறகு நானே ஏறிப் போட்டவை. ஆனாலும் அலுமாரி இருந்த இடத்துச் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம், அவளுடைய ஒரு சத்தமும் இல்லாத அடுப்படி. இந்தச் சொத்து எனக்கு ஒரு நிமிடத்துக்குமேல் தாங்காது என்று தெரிந்தது. முற்றத்துக்கு வந்தேன்.

"ஸாலிஹா, நஸீறா என்ட வாரிசு இல்ல. அதனால அவளுக்கு வசியத்து எழுத எனக்கு ஏலும். மூணுல ஒண்டு. நாளைக்கே நொத்தாரிசுக்கிட்டப் போறன். நாங்க இரிக்கக்குள்ளயே அவள்ர கலியாணத்த இந்த வீட்டில வச்சிச் செய்வம். மண்டப அறைய அவளுக்கு விடுறன்."

"மெய்தானா மச்சான்?"

"ஓம். ஒன்ட ராத்தாவ மட்டும் இந்த வீட்டவிட்டு ஒத்தரும் எழுப்பப்படாது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முனவ்வறா பெட்டியிலிருந்து எழும்பவில்லை. நான் கூப்பிட்டேன்.

"உள்ளுக்கு வா புள்ள."

"சும்மா எப்பிடி வாற? இது ஒங்கட வீடு."

நான் மாப்பிள்ளையாக வந்த அன்று, இந்தப் படியில்தான் அவளுடைய பெரியம்மாவின் மகன் எனக்குக் கால் கழுவினான். பெண்ணுக்கு அப்படிச் செய்ததை நான் எங்கும் கண்டதில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து படியில் குனிந்தேன். வேலியோரப் பெண்களிடம் கிளம்பிய சிரிப்பு அடங்கிப்போனது.

முனவ்வறா படலைக்குள் வந்தாள். ஒரு கையால் ஸாலிஹாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு செருப்பைக் கழற்றினாள்.