கோடு இல்லாத கம்பெனி

எதிர்வீட்டுக்காரர் வீட்டை விற்றதற்குக் காரணம் குடியும் இல்லை, சின்னவீடும் இல்லை. ஒரு கோடு. இதைச் சொன்னால் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்குச் சப்பென்று போய்விடுகிறது.

மனிதர் கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டுப் பங்குச் சந்தை சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிப் போட்டார். எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று நாம் ஒரு விதி எழுதிக் கொடுத்தால், கடந்த இருபது வருஷத்து விலைகளில் அதை ஓட்டிப் பார்த்து, என்ன தேறியிருக்கும் என்று வரைந்து காட்டும். இவர் விதி: அடிமாட்டு விலைக்கு விழுந்த பங்கை வாங்கு, எழும்வரை விடாதே. பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஏறியது. பார்க்க என்னையும் கூப்பிட்டார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

வீட்டை விற்று அந்த விதியை நம்பிப் போட்டுவிட்டு, அதே வீட்டில் வாடகைக்கு இருந்தார். வாங்கிய பங்குகள் விழுந்தது விழுந்தபடி கிடந்தன; சில கம்பெனிகள் மூடியே போயின. வாடகையும் முடியாமல் காலி செய்கிற அன்றும் மனிதர் அந்த விதியைப் பழைய விலைகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். கோடு அன்றும் ஏறியது.

அவர்களிடம் இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தருகிற சாக்கில் நான் வாசலில் நின்றேன்.

"ஏங்க, கம்ப்யூட்டரையும் கட்டணும்," என்றாள் அவர் மனைவி.

"இரு, இன்னொரு தடவ ஓட்டிடறேன்."

"ஓட்டி ஓட்டி வீடே ஓடிப்போச்சு." பிறகு என்ன தோன்றியதோ, "எங்க கடிகாரக் கம்பெனியக் காட்டுங்களேன். நல்லா இருந்தப்ப எவ்ளோ உசரத்துல இருந்துச்சுன்னு பாத்துட்டுக் கெளம்பறேன்," என்றாள்.

பதினெட்டு வருஷம் அவள் கடிகாரங்களுக்கு முள் பொருத்திய கம்பெனி அது; நொடித்துப்போய் மூடிவிட்டார்கள்.

அவர் அந்தக் கம்பெனியின் பெயரை அடித்தார். ஒன்றும் வரவில்லை. அதுபோல மூடிப்போன இன்னொன்றை அடித்தார். அதுவும் இல்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க?"

"இதுல இன்னிக்கு உயிரோட இருக்கற கம்பெனிங்க மட்டுந்தான் இருக்கு. செத்ததையெல்லாம் எடுத்துட்டாங்க."

"அதனால?"

"விழுந்ததெல்லாம் எழுந்துச்சுன்னு காட்டுச்சே... எழுந்திரிக்காதது இதுல இல்லவே இல்லடி."

திட்டப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் திரையையே பார்த்தாள்.

"பதினெட்டு வருஷம் போய் வந்திருக்கேன். ஒரு சின்ன கோடுகூட இல்லியா?"

அவர் குனிந்து ஒயரைப் பிடுங்கினார்.

நான் சல்லடையை நீட்டினேன்.

"நீங்களே வச்சுக்குங்கக்கா," என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "போற எடத்துல சமையக்கட்டு இல்ல."