பழுதில்லாத காரின் பானெட்

1

இந்தக் கதை என் சமையலறை ஜன்னலில் கிடைத்தது. அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரின் சரிவான தெரு ஒன்றில், மாடி வீட்டில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். போன ஜனவரியில் ஒரு காலை, மூக்குமுடி உறையும் குளிர். கீழே ஒரு பெரியவர் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கார் புத்தம் புதிது. சற்று முன்புதான் அதில் போய் ரொட்டி வாங்கி வந்திருந்தார், நானே பார்த்தேன்.

இறங்கிப் போய்க் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது. அதனால் பெயர் உட்பட எல்லாம் என் கற்பனை. ஆர்வில் ஹாகன் என்று வைத்துக்கொள்வோம். மனைவி லோர்னா இறந்துவிட்டாள். எதிர்வீட்டில் டுவேன் பெல்டோ. இருவரும் ஒரே வயது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பழைய அமெரிக்கக் கார்களுக்கு ஓர் ஆன்மா இருந்தது, அவை"

வேண்டாம். ஆன்மா இருந்ததென்று எழுதுபவர்கள் அவற்றைத் தள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுபடியும். எழுபதுகளில் ஆர்வில் ஒரு பச்சைக் கார் வைத்திருந்தார். படகு நீளம். குளிர்காலத்தில் கதவு திறக்காது, திறந்தால் மூடாது. ஹீட்டர் ஜூலை வெயிலில் மட்டும் அருமையாக வேலை செய்யும். துருப்பிடித்த ஓட்டை வழியே காலடியில் சாலை ஓடுவது தெரியும். ஸ்டார்ட் செய்ய ஒரு சடங்கு உண்டு: ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை மிதி, சற்றுப் பொறு, இன்னொரு முறை மிதி, பிறகு சாவி. அந்த நேரத்தில் லோர்னா மூச்சுக்கூட விடமாட்டாள்.

டுவேனின் கார் வலப்பக்கம் திரும்பினால் அணைந்துவிடும். அதனால் அவர் மூன்று முறை இடப்பக்கம் திரும்பித்தான் தேவாலயத்துக்குப் போவார். (இதை யாரும் நம்பமாட்டார்கள் என்று இரண்டு முறை கோடு போட்டு அடித்தேன். அடித்தால் டுவேன் உயிரில்லாமல் கிடக்கிறார். இருக்கட்டும்.)

அந்தத் தெருவின் சட்டம் ஒன்றுதான். பானெட் தூக்கியிருந்தால் எதிர்வீட்டுக்காரன் வருவான். கூப்பிட வேண்டியதில்லை. இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கேபிளும் பிளாஸ்க்கில் காபியுமாக வந்து நிற்பான்.

"என்னய்யா, படுத்துடுச்சா?"

"இல்ல, ஓய்வெடுக்குது."

"இத எடுத்துட்டுப் போகச் சொன்னா பழைய இரும்புக்காரன் நம்மகிட்டதான் காசு கேப்பான்."

"யோவ், உன்னுதுக்கு வலப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. நீ பேசாத!"

விறைத்த கைகளோடு பேட்டரியை இணைப்பார்கள். வண்டி கிளம்பிய பிறகும் டுவேன் போகமாட்டார். எஞ்சினைப் பார்த்தபடியே மகளுக்குப் பள்ளி பிடிக்கவில்லை என்பார், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதாக ஆர்விலுக்கு நினைவே இல்லை. பேசியதெல்லாம் கார்புரேட்டரைப் பார்த்துத்தான்.

3

இங்கே ஒரு சண்டை வைத்திருந்தேன். பனி அள்ளும் இயந்திரத்தை டுவேன் இரவல் வாங்கி உடைத்துவிடுகிறார், பேச்சு நின்றுபோகிறது. நல்ல சண்டை, இரண்டு பக்கம் வந்தது. கிழித்துப் போட்டேன். அது பொய்.

சண்டையே நடக்கவில்லை. கார்கள் நன்றாகிவிட்டன, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது. வலப்பக்கமும் திரும்புகிறது. வீட்டுக்குள் இருந்தபடியே சூடேற்றிக்கொள்ளலாம். ஆர்வில் இன்றும் காரின் மூக்கு சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்கத்தான் நிறுத்துகிறார், பேட்டரி செத்தால் உருட்டிக் கிளப்பலாம் என்று. அது சாகவே மாட்டேன் என்கிறது.

காரணமில்லாமல் தெருவைக் கடக்க இவ்விருவருக்கும் தெரியாது. விருந்து, பிறந்தநாள் எல்லாம் மனைவிகள் பார்த்துக்கொண்டார்கள். மனைவிகள் போன பிறகு, காலையில் ஒருவருக்கொருவர் கையைத் தூக்குவதோடு சரி. ஆர்வில் தனியாகிவிட்டார். அதைச் சொல்லி அழக்கூட ஒரு பழுது கிடைக்கவில்லை.

4

டுவேன் வீட்டு வாசலில் 'விற்கப்பட்டது' என்ற பலகை வந்துவிட்டது. சனிக்கிழமை தூரத்து அரிசோனாவுக்கு, மகள் வீட்டுக்குப் போகிறாராம். தபால்காரர் சொல்லித்தான் ஆர்விலுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆர்வில் பானெட்டைத் தூக்கினார்.

உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் மூடியபடி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பலகை. அதையே குனிந்து பார்த்தார். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்ததா? (அசைந்தது என்று எழுதினேன். 'காற்றில்' என்று சேர்த்தேன். மூடிய ஜன்னலுக்குள் ஏது காற்று? இரண்டையும் எடுத்துவிட்டேன்.)

காருக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"சார், வண்டி கம்பெனியோட உதவி மையத்துலேர்ந்து பேசறேன். பானெட் ரொம்ப நேரமா திறந்திருக்குன்னு காட்டுது. ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்லம்மா."

"ஆளு அனுப்பட்டுமா சார்?"

ஆர்வில் எதிர்வீட்டைப் பார்த்தார். "ஆளு வரும்மா. பக்கத்துலதான் இருக்கு."

"சரிங்க சார்."

"அங்க குளிர் எப்படிம்மா?"

"இங்க வெயில் சார்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். அன்று அவரோடு பேசிய ஒரே ஆள் அவள்தான்.

5

முதல் பகுதியில் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். ஜன்னலிலிருந்து நான் பார்த்தது ஒரு பானெட்டை அல்ல. இரண்டு.

சனிக்கிழமை காலை ஆர்வில் மறுபடியும் பானெட்டைத் தூக்கிவிட்டு நிமிர்கிறார். எதிரே டுவேனின் புதுக் காரும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. பக்கத்தில் டுவேன், கோட்டுப் பைக்குள் கைகளோடு, தன் கறுப்பு பிளாஸ்டிக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை அழைத்துப்போக வரவேண்டிய மகளின் வண்டி இன்னும் வரவில்லை.

6

சட்டப்படி, வண்டி படுத்தவன் நிற்கவேண்டும், ஓடும் வண்டிக்காரன் வரவேண்டும். இரண்டும் படுத்திருந்தால் யார் வருவது? எனக்குத் தெரியவில்லை.

முடிவு ஒன்று: டுவேன் தெருவைக் கடக்கிறார், "படுத்துடுச்சா?" என்கிறார். எழுதிவிட்டேன், அழுதும்விட்டேன். ஆனால் டுவேன் அப்படி வருகிறவராக இருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

முடிவு இரண்டு: மகள் வருகிறாள். "என்னப்பா, வண்டிக்கு என்ன?" "ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்." பானெட்டை மூடுகிறாள். கிளம்பிவிடுகிறார்கள். இதுதான் நடக்கும் என்று என் மனம் சொல்கிறது. இதை எழுத என் கை வரவில்லை.

மிச்சம் இருப்பது ஒரே வழி. இருவரில் ஒருவர் தன் பானெட்டை மூடவேண்டும். மூடினால் அவர் ஓடும் வண்டிக்காரர், கேபிளோடு தெருவைக் கடக்கலாம். ஆனால் மூடும் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும். என் வண்டிக்கு ஒன்றும் இல்லை, இரண்டு நாளாக உனக்காகத்தான் நின்றேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். வாழ்நாளில் ஆர்வில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, லோர்னாவிடம்கூட.

கீழே மகளின் வண்டி தெருமுனையில் திரும்புகிறது. ஆர்வில் பானெட்டின் விளிம்பில் கை வைத்திருக்கிறார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கையை இனி நீங்கள்தான்